மட்டையைப் பூட்டி வையுங்கள்: மலையகக் கல்லூரியில் பேஸ்போல் அணி தொடங்குபவர்களுக்கு

எங்கள் கல்லூரியில் பேஸ்போல் அணி தொடங்கியபோது கையில் இருந்தவை மூன்று கிளவ் (பந்து பிடிக்கும் தோல் கையுறை), ஒரு அலுமினிய மட்டை, அரைச் சாக்குப் பழைய பந்து. மட்டையைக் கண்டதும் பையன்கள் வரிசை கட்டி நின்றார்கள். நானும் சரி என்று அடிக்கவிட்டேன். மூன்று மாதம் அடித்தோம். பிறகு கீழ்நாட்டுக்குப் போய் முதல் ஆட்டம் ஆடினோம். எங்கள் பிட்சர் எறிந்த பந்துகளை எதிரணி அடிக்கவே தேவைப்படவில்லை. அடிக்கக்கூடிய எல்லைக்கு வெளியே நான்கு பந்து போனால், அடிப்பவர் சும்மா நடந்து முதல் பேஸுக்கு, அதாவது ஓடிச் சுற்ற வேண்டிய சதுரத்தின் அடுத்த மூலைக்கு, போகலாம் என்பது விதி. அப்படி பதினொரு பேரை நடத்தி அனுப்பினான். மிச்சத்தை எங்கள் கைநழுவல்கள் பார்த்துக்கொண்டன.

நீங்களும் அப்படி மூன்று மாதத்தை வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நீங்கள் பொறுப்பாசிரியராக இருக்கலாம், அணித்தலைவனாக இருக்கலாம், விளையாட்டே தெரியாமல் அதிபரின் சொல்லைத் தட்ட முடியாமல் தலையைக் கொடுத்தவராகவும் இருக்கலாம். நான் மூன்றாவது வகை.

காலமும் கடைசி பஸ்ஸும்

அமெரிக்கக் கல்லூரி அணிகளுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. இலையுதிர் காலத்தில் கூட்டுப் பயிற்சி, குளிர்காலத்தில் உடற்பயிற்சி, பெப்ரவரி நடுவில் முதல் ஆட்டம். அதன்பிறகு வழக்கமான பருவத்தில் 56 ஆட்டங்கள் வரை ஆடுவார்கள். மிஞ்சி நிற்கும் அணிகள் ஜூனில் ஒமாஹா நகரில் மோதும். வடக்கு மாநிலங்களில் பெப்ரவரியில் மைதானம் பனிக்கட்டிக்கு அடியில் கிடக்கும் என்பதால், அந்த அணிகள் முதல் சில வாரம் தெற்கே போய்த்தான் ஆடும். இதை வாசித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். அவர்களுக்குப் பனிக்கட்டி, நமக்கு மழை.

மலையகம் முழுவதற்கும் ஒரே அட்டவணை சரிவராது. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவ பக்கம் மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை மைதானத்தைச் சேறாக்கிவிடும். அதே மாதங்களில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் காய்ந்து, காற்றடிக்கும். அவர்களுக்கு மழை வருடக் கடைசியில். ஆகவே உங்கள் ஊர் மழையை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஹட்டன் பக்கத்தில் நாங்கள் ஒக்டோபரில் மண்டபத்துக்குள் தொடங்குவோம், ஜனவரியில் மைதானத்தில் இறங்குவோம், பெப்ரவரி கடைசியில் முதல் நட்பு ஆட்டம். மார்ச், ஏப்ரல் பின்னேரங்களில் இடி மழை வரும். இடி கேட்டால் பயிற்சி முடிந்தது, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் யாரும் வெளியே வரக்கூடாது. கையில் அலுமினியக் கம்போடு திறந்த மேட்டில் நிற்கும் விளையாட்டு இது.

மாதத்தைவிடப் பெரிய பிரச்சினை மணி. ஒன்றரைக்குப் பாடசாலை விடும். தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் நாலரைக்கு என்றால், சாப்பிட்டு, உடை மாற்றி, பஸ்ஸுக்கு நடக்கும் நேரம் போக உங்களுக்குக் கிடைப்பது இரண்டரை மணித்தியாலம்கூட இல்லை. சாப்பிடாமல் வரும் பிள்ளைகள் பாதிப்பேர். ஒரு பணிஸும் பிளேன்டீயும் கொடுத்துத்தான் தொடங்க வேண்டும். மூன்று மணிக்கு மேலே மூடுபனி இறங்கினால் அன்றைக்கு உயரப் பந்துப் பயிற்சியை விட்டுவிடுங்கள். பந்தும் வெள்ளை, பனியும் வெள்ளை. அடித்த சத்தம் கேட்கும், பந்து எங்கே வருகிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

ஆள் எடுப்பது

ஆடுவது ஒன்பது பேர், பதினைந்து பேரை எடுத்தால் போதும். அதற்கு மேல் எடுத்தால் கிளவ் இல்லாமல் சும்மா நிற்பார்கள், இரண்டாம் வாரம் வரமாட்டார்கள்.

கிரிக்கெட் பந்துவீச்சாளரைத்தான் பிட்சராக்க வேண்டும் என்று எல்லோரும் நினைப்பார்கள். அங்கே முழங்கையை நீட்டி மடக்காமல் வீசப் பழகியவன், இங்கே மடக்கி எறிய வேண்டும். அவனைவிட, எல்லைக்கோட்டிலிருந்து விக்கெட்காப்பாளர் கைக்கு ஒரே எறியில் அனுப்புகிறானே, அவனைப் பாருங்கள். ஈட்டி எறிபவர்களையும் கூப்பிடுங்கள். அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் கெட்சர் மட்டும் திறமை பார்த்து எடுக்கும் ஆள் அல்ல. ஒரு ஆட்டத்தில் நூறு தடவைக்கு மேல் குந்தி எழும்ப வேண்டும், பந்து உடம்பில் படும், எல்லோரையும் கத்தி ஒழுங்குபடுத்த வேண்டும். வாய் ஓயாத, அழாத ஒருவன் எல்லா வகுப்பிலும் இருப்பான். அவன்தான் கெட்சர்.

எல்லே ஆடிய பிள்ளைகள் கிடைத்தால் விடாதீர்கள். வேகமாக வரும் பந்தை உருட்டுக் கம்பால் அடிக்கும் கண் அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது, சுற்றி ஓடுவதும் தெரியும். ஒரே ஒரு எச்சரிக்கை. எல்லேயில் ஓடுபவர் மேல் பந்தை எறிந்து ஆட்டமிழக்கச் செய்யலாம். பேஸ்போலில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தொட வேண்டும், அல்லது பேஸுக்கு அனுப்ப வேண்டும். எங்கள் பையன் ஒருவன் முதல் நாளே பழக்கதோஷத்தில் நண்பனின் முதுகைக் குறிபார்த்து விட்டான். பந்தின் எடை 142 முதல் 149 கிராம். ஒரு கிழமை அந்த முதுகு நீலம் பாரித்துக் கிடந்தது.

சாமான்

பணம் கொஞ்சமாக இருந்தால் செலவு செய்யும் வரிசை இது: முதலில் கெட்சரின் முகக்கவசம், மார்புக்கவசம், கால்கவசம், இடுப்புக்குக் கீழ் அணியும் கவசம். இதில் ஒன்று குறைந்தாலும் கெட்சரை உட்கார வைக்காதீர்கள். அடுத்து தலைக்கவசம் ஐந்து. அடிப்பவருக்கு ஒன்று, அடுத்து நிற்பவருக்கு ஒன்று, மூன்று பேஸிலும் ஓடுபவர்களுக்கு மூன்று. அப்புறம் கிளவ், கடைசியாக மட்டை. இரண்டு மட்டை ஒரு பருவத்துக்குத் தாராளம்.

கிளவ் எறியாத கையில் போடுவது. வலக்கையால் எறிபவருக்கு இடக்கையில். இது சொல்லித்தான் தெரிய வேண்டும், கிரிக்கெட் பழகியவர்கள் நல்ல கையில்தான் மாட்டுவார்கள். இடக்கையர் இருந்தால் அவருக்குத் தனிக் கிளவ் வேண்டும். விலை கேட்டு மலைக்க வேண்டாம், ஒன்பது கிளவ் இருந்தால் இரண்டு அணிகள்கூட மாறி மாறிப் பாவிக்கலாம். அமெரிக்காவின் பெரிய லீகிலேயே 1954 வரை களத்தடுப்பு முடிந்ததும் கிளவை மைதானத்திலேயே போட்டுவிட்டுப் போகும் வழக்கம் இருந்தது.

மழைக்காலத்தில் தோலில் பூஞ்சணம் பிடிக்கும். துடைத்து, உள்ளே ஒரு பந்தை வைத்துக் கட்டி, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். ஒரு பிள்ளை நனைந்த கிளவை வீட்டுக்குக் கொண்டுபோய் லயத்து அடுப்புக்கு மேலே விறகோடு விறகாக வைத்துவிட்டான். மறுநாள் கொண்டுவந்தபோது கருவாட்டு மணம், விரல்கள் அப்பளம் மாதிரி. மடக்கினால் முறிந்தது. அவனைத் திட்டவும் மனம் வரவில்லை, அக்கறையோடு செய்த வேலை அது.

மைதானம் அளப்பது

இதில் அவசரப்படாதீர்கள். அளவு பிழைத்தால் பிள்ளைகளின் கை பிழையான தூரத்துக்குப் பழகிவிடும்.

தேவையானவை: அளவுநாடா, இரண்டு கயிறு, நாலு முளை. முதலில் ஹோம் பிளேட், அதாவது அடிப்பவர் நிற்கும் மூலை, எங்கே என்று தீர்மானியுங்கள். நம் மைதானங்கள் பெரும்பாலும் மலையை வெட்டிச் சமப்படுத்தியவை. ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் சரிவு. மண்சுவர்ப் பக்கம் ஹோம் பிளேட்டை வையுங்கள். கெட்சர் விட்ட பந்து மண்ணில் முட்டித் திரும்பி வரும். சரிவுப் பக்கம் வைத்தால் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு ஆள் கீழே இறங்கி ஏறவேண்டும். பின்னேர வெயில் அடிப்பவரின் கண்ணில் படாதபடி ஹோமிலிருந்து இரண்டாம் பேஸை நோக்கிய கோடு கிழக்கு, வடகிழக்கு வாக்கில் இருப்பது நல்லது. இரண்டும் ஒத்துவராவிட்டால் நான் மண்சுவரைத்தான் பார்ப்பேன்.

ஹோமில் ஒரு முளை அடியுங்கள். அங்கிருந்து நேரே 38.80 மீட்டர் அளந்தால் இரண்டாம் பேஸ், அங்கே ஒரு முளை. இப்போது 27.43 மீட்டர் நீளத்தில் இரண்டு கயிறு. ஒன்றை ஹோம் முளையிலும் மற்றதை இரண்டாம் பேஸ் முளையிலும் கட்டி, இரண்டையும் வலப்பக்கம் இழுத்து நுனிகள் சந்திக்கும் இடம் முதலாம் பேஸ். இடப்பக்கம் இழுத்தால் மூன்றாம் பேஸ். மூலைமட்டம் எதுவும் வேண்டாம், சதுரம் தானாக வந்துவிடும். பிட்சர் மிதிக்கும் பலகை ஹோம் பிளேட்டின் பின் முனையிலிருந்து 18.44 மீட்டர். முன் விளிம்பிலிருந்து அளப்பதுதான் எல்லோரும் விடும் பிழை. நாங்களும் விட்டோம், ஏறத்தாழ ஒன்றரை அடி தள்ளிப் போய்விட்டது.

கோடு போடச் சுண்ணாம்பு வாங்கப் போகாதீர்கள். நீற்றிய சுண்ணாம்பு கண்ணில் பட்டால் எரித்துவிடும், இது சறுக்கி விழுந்து ஓடும் விளையாட்டு. தேயிலை மலைக்குப் போடும் டொலமைட் தோட்டத்தில் இருக்கும். கேட்டால் ஒரு வாளி தருவார்கள். ஈர மண்ணில் அது நன்றாக நிற்கும்.

பிட்சர் நிற்கும் மேடு 10 அங்குல உயரம் இருக்கவேண்டும். ஆனால் அதே மைதானத்தில்தான் கிரிக்கெட், உதைபந்து, திருவிழாக் காலத்தில் கடை கண்ணி எல்லாம். நடுவில் மேடு கட்ட யாரும் விடமாட்டார்கள். ஒரு மூலையில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், களிமண்ணும் பழைய சாக்கும் வைத்து ஒன்று கட்டிப் பிட்சர்களை அதில் பழக்குங்கள். சமதரையில் மட்டும் பழகியவன் உண்மையான மேட்டில் ஏறியதும் எல்லாப் பந்தையும் தரையில் குத்துவான்.

வெளிக்களத்தில் எல்லை வேலி இருக்காது, தேயிலைதான் இருக்கும். உருண்டு தேயிலைக்குள் போன பந்துக்கு இரண்டு பேஸ் என்று ஆட்டத்துக்கு முன்பே எதிரணியோடு பேசிக்கொள்ளுங்கள். துள்ளி வேலியைத் தாண்டும் பந்துக்கு விதிப்புத்தகத்திலும் இரண்டு பேஸ்தான். பந்து தேடப் போகிறவன் காலில் சவர்க்காரம் தடவிக்கொண்டு போகட்டும். அட்டைக்கு ஆட்ட விதி தெரியாது.

முதல் ஆறு வாரம்: எறிவது, பிடிப்பது

மட்டையை அறையில் வைத்துப் பூட்டுங்கள். நிஜமாகவே பூட்டுங்கள்.

ஓடி உடம்பு சூடேறிய பிறகுதான் பந்தைத் தொடவேண்டும். நுவரெலியாக் குளிரில் கையை உதறிவிட்டு உடனே வேகமாக எறிந்தவனின் தோள் ஒரு மாதம் படுத்துவிடும். முதல் வாரம் 10 மீட்டர். இருவர் எதிரெதிரே நின்று, நெஞ்சுக்கு நேரே. ஒரு சோடி தொடர்ந்து 50 தடவை தவறவிடாமல் செய்தால் 15 மீட்டருக்குப் போகலாம். தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. 48இல் தவறும்போது வரும் சத்தத்தை நீங்கள் கேட்கவேண்டும். நாலாம் வாரத்தில் 27 மீட்டருக்கு, அதாவது பேஸுக்குப் பேஸ் தூரத்துக்கு, பந்து கீழே படாமல் போகவேண்டும்.

பிட்சருக்கு இரண்டு கம்பு நட்டு, முழங்கால் உயரத்தில் ஒரு நூல், நெஞ்சு உயரத்தில் ஒரு நூல், நடுவே 17 அங்குல அகலத்துக்கு இரண்டு நூல் தொங்கவிட்டு ஒரு சட்டம் செய்யுங்கள். 17 அங்குலம் என்பது ஹோம் பிளேட்டின் அகலம், ஏறத்தாழ 43 சென்ரிமீட்டர். 30 பந்து எறியட்டும், சட்டத்துக்குள் போனதை எண்ணுங்கள். 18 போனால் அவன் ஆட்டத்துக்குத் தயார். வேகம் பார்க்கவே வேண்டாம். எங்கள் முதல் பிட்சர் அணியிலேயே வேகமானவன். இப்போதைய பிட்சர் மெதுவாகத்தான் எறிவான், ஆனால் எதிரணிக்காரன் அடித்தால்தான் ஓடமுடியும்.

எண்ணிக்கையைக் கொப்பியில் எழுதுங்கள். 17, 18 வயதினருக்கு அமெரிக்காவில் வகுத்திருக்கும் வரம்பு ஒரு நாளைக்கு 105 பந்து. 31 முதல் 45 வரை எறிந்தால் ஒரு நாள் ஓய்வு, 60 வரை இரண்டு நாள், 80 வரை மூன்று, அதற்கு மேல் நாலு. புதிதாக எறியும் கைக்கு நான் இதில் பாதிதான் கொடுப்பேன். வளைந்து போகும் பந்து சொல்லித் தரும்படி கெஞ்சுவார்கள். முதல் வருடம் வேண்டாம்.

உயரப் பந்துக்கு யார் போவது என்பதைச் சத்தம் போட்டுச் சொல்லப் பழக்குங்கள். எங்களில் இருவர் ஒரே பந்துக்கு ஓடினார்கள். இருவரும் “எடு, எடு” என்றார்கள். தான் எடுக்கிறேன் என்று ஒருவன், நீ எடு என்று மற்றவன். நெற்றியில் மூன்று தையல். அன்றிலிருந்து “எனக்கு” என்ற ஒரு சொல் மட்டும்தான். அணியில் சிங்களப் பிள்ளைகளும் இருந்தால் எல்லோருக்கும் ஒரே சொல்லாக முடிவு செய்யுங்கள்.

விதியில் தலை சுற்றும் இடம்

மூன்று ஸ்ட்ரைக் (அடிக்கத் தவறிய அல்லது அடிக்காமல் விட்ட நல்ல பந்து), நாலு போல் (எல்லைக்கு வெளியே போன பந்து), மூன்று பேர் ஆட்டமிழந்தால் மாற்றம், ஒன்பது இன்னிங்ஸ். இதெல்லாம் ஒரே நாளில் புரியும். எப்போது ஓடுபவரைத் தொடவேண்டும், எப்போது பேஸை மிதித்தால் போதும் என்பதில்தான் எல்லோரும் விழுவார்கள். நான் ஹட்டன் பஸ்ஸை வைத்துத்தான் விளக்குவேன். பின்னால் ஆள் ஏறிக்கொண்டே இருந்தால் கொண்டக்டர் “உள்ளே போங்க, உள்ளே போங்க” என்பார், நீங்கள் நகர்ந்தே ஆகவேண்டும். அதுபோல அடித்தவர் முதல் பேஸுக்கு வருகிறார் என்றால் அங்கே நிற்பவர் இரண்டாவதுக்குப் போயே ஆகவேண்டும். கட்டாயமாகப் போகிறவரைத் தொடத் தேவையில்லை, அவர் போகும் பேஸைப் பந்தோடு மிதித்தால் போதும். பின்னால் தள்ள ஆள் இல்லாமல், தானாகவே ஓடுகிறவரைத் தொட்டே ஆகவேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் தானாக எழும்பிப் போவதற்கு யார் பொறுப்பு?

கிரிக்கெட் பழக்கம் இன்னொரு விதத்திலும் வரும். எங்கள் தொடக்க ஆட்டக்காரன் அருமையாக அடித்துவிட்டு மட்டையோடு ஓடி, முதல் பேஸில் மட்டையை நீட்டிக் கோட்டுக்குள் வைத்துவிட்டு நடுவரைப் பார்த்தான். மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடவேண்டும். எறியக்கூடாது, போடவேண்டும். முதல் பேஸை மட்டும் மிதித்துத் தாண்டி ஓடலாம், மற்ற இரண்டிலும் நிற்கத் தெரிய வேண்டும்.

ஏழாம் வாரம் மட்டையை வெளியே எடுங்கள். அடிப்பதைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. பந்து தரையில் குத்தி வராது என்பதைக் கண் ஏற்றுக்கொள்ள இரண்டு வாரம் எடுக்கும், அதுவரை மெதுவாக எறிந்து கொடுங்கள்.

மழை நாளில்

பேஸ்போல்5 என்று ஒரு வடிவம் இருக்கிறது. மட்டை இல்லை, கிளவ் இல்லை, ரப்பர் பந்தைக் கையால் அடித்து ஓடுவது. ஐந்து பேர், ஐந்து இன்னிங்ஸ், பேஸுக்குப் பேஸ் 13 மீட்டர். கல்லூரி மண்டபத்தில் கதிரைகளை ஒதுக்கினால், தூரத்தைக் கொஞ்சம் குறைத்தாவது ஆடிவிடலாம். பஸ் உதாரணம் பிள்ளைகளின் தலைக்குள் இறங்கியது இங்கேதான். பெண் பிள்ளைகளும் சேர்ந்து ஆடலாம். எங்கள் புள்ளிக்கணக்குப் புத்தகத்தை எழுதும் பிள்ளை அப்படி வந்து சேர்ந்தவர்தான்.

உயரம் செய்யும் வேலை

அமெரிக்காவில் டென்வர் நகரம் ஒரு மைல் உயரம், 1,609 மீட்டர். அங்கே காற்று மெல்லியது என்பதால் அடித்த பந்து கூடுதல் தூரம் போகிறது, வளைந்து வரவேண்டிய பந்து குறைவாக வளைகிறது. அதனால் 2002 முதல் பந்துகளை ஈரப்பதம் காக்கும் அறையில் வைத்தே அங்கே ஆட எடுக்கிறார்கள். நுவரெலியா 1,868 மீட்டர். டென்வரைவிட உயரம்! ஈரப்பதத்துக்கு நமக்கு அறை தேவையில்லை, களஞ்சியத்தில் ஒரு கிழமை வைத்தால் பந்து தானாகக் குடித்துவிடும். ஆடும் பந்துகளை மட்டும் மூடியுள்ள டப்பாவில் உலர்வாக வையுங்கள்.

இதன் பாதிப்பு கீழே இறங்கும்போதுதான் தெரியும். ஹோமாகமவுக்கு அருகே தியகமவில், ஜப்பானிய உதவியோடு அமைந்த பேஸ்போல் மைதானம் இருக்கிறது. அங்கே ஆடப் போகும் நாள் எப்படியும் வரும். இங்கே தேயிலைக்குள் விழும் அடி அங்கே வெளிக்களத்தவர் கையில் விழும். உங்கள் ஆட்கள் முன்னே ஓடிவந்து பிடிக்கப் பழக வேண்டும். வெக்கையும் அப்படித்தான், ஸ்வெட்டரோடு வளர்ந்த பிள்ளைகள் மூன்றாம் இன்னிங்ஸில் வாடிவிடுவார்கள். முடிந்தால் முதல் நாளே போய்த் தங்குங்கள், இல்லாவிட்டால் தண்ணீரையும் நிழலையுமாவது உறுதிப்படுத்துங்கள்.

முதல் ஆட்ட நாள்

முந்தின இரவே அடிக்கும் வரிசையை எழுதி வையுங்கள், மைதானத்தில் வைத்து எழுதினால் எல்லோரும் ஆலோசனை சொல்வார்கள். களத்து இடங்களுக்கு எண் உண்டு: பிட்சர் 1, கெட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்பவர் 6, வெளிக்களம் இடமிருந்து 7, 8, 9. கணக்குப் புத்தகம் முழுக்க இந்த எண்கள்தான். 6-4-3 என்று எழுதியிருந்தால் பந்து அந்த மூவர் கையில் போய் இருவர் ஆட்டமிழந்த கதை. முதல் வருடம் அப்படி ஒன்று நடந்தால் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பிட்சரை மூன்றாம் இன்னிங்ஸிலேயே ஓரத்தில் எறியவிட்டுச் சூடேற்றுங்கள். முதலாமவன் தொடர்ந்து இரண்டு பேரை நடக்கவிட்டால் போய்ப் பேசுங்கள், மூன்றாமவரும் நடந்தால் மாற்றுங்கள். பாவம் பார்த்து விட்டுவைத்ததில்தான் எங்கள் பதினொரு பேர் நடந்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் பஸ்ஸில் ஏறுவதற்கு முன் பந்துகளை எண்ணுங்கள். நாங்கள் 24 கொண்டுபோய் 19 கொண்டுவந்தோம். மூன்று எதிரணியின் பையில் இருந்தது, ஒன்று எங்கள் கெட்சரின் பையில், எல்லோரும் கையெழுத்துப் போட்டபடி. மிச்சம் ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.